பழைய டி-ஷர்ட்டில் ஒட்டுப்போர்வை: கத்திரி வைக்கும் முன்

அண்ணன் மகன் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் சேர்ந்த கபடி டி-ஷர்ட்டுகள் 18. தூக்கிப் போட மனமில்லாமல் மைனி எல்லாவற்றையும் ஒரு சாக்குப் பையில் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டில் முதுகிலும் பெயர் அச்சாகியிருந்தது. ஆக 20 துண்டு. சேலையும் பாவாடையும் தைத்த கைதானே என்று அன்றைக்கே சதுரம் சதுரமாக வெட்டி ஒரே போர்வையாகத் தைக்க உட்கார்ந்தேன். மூன்றாவது வரிசை முடிவதற்குள் விளிம்பெல்லாம், எண்ணெயில் போட்ட கல்லிடைக்குறிச்சி அப்பளம்போல நெளிந்துவிட்டது.

பெரும்பாலான தவறுகளுக்கு மூலம் இதுதான். டி-ஷர்ட் பனியன் துணி; நெய்த துணி அல்ல, பின்னிய துணி. அகலவாக்கில் இழுத்தால் அதிகம் நீளும், நெடுக்கில் அவ்வளவு நீளாது. மிஷினின் பாதம் மேல் துணியை அமுக்க, கீழே பல் இழுக்க, ஒன்று நீண்டு மற்றொன்று நீளாமல் நிற்கிறது. இதைத் தடுக்க ஒவ்வொரு துண்டின் பின்புறமும் ஒட்டும் கேன்வாஸ், அதாவது இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி, வைத்துத் தேய்க்க வேண்டும். கடையில் வெறுமனே கேன்வாஸ் என்று கேட்டால் சட்டைக் காலருக்கு வைப்பதை எடுத்துத் தந்துவிடுவார்கள். அதை வைத்தால் போர்வை அட்டையாகிவிடும். இருப்பதிலேயே மெல்லியதைக் கேளுங்கள். அதையும் இரு பக்கமும் இழுத்துப் பார்த்து, நீளாத பக்கம் டி-ஷர்ட்டின் அகலவாக்கில் வரும்படி வையுங்கள்.

தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டியை அச்சின்மேல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் அச்சு இளகிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அச்சுப் பக்கம் கீழே இருக்க, பின்புறம்தான் தேய்க்க வேண்டும். தள்ளித் தள்ளித் தேய்க்காமல் அமுக்கி எடுக்க வேண்டும். விளையாட்டு டி-ஷர்ட்டுகள் பெரும்பாலும் பாலியஸ்டர். பருத்திக்கு வைக்கும் சூடு ஆகாது, சுருண்டுவிடும். முதலில் ஒரு கைப்பகுதியை வெட்டி அதில் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அச்சை ஒட்டியே வெட்டுவது. என் முதல் துண்டில் "கபடி" என்பதன் கடைசி எழுத்து தையலுக்குள் போய் "கப" மட்டும் மிஞ்சியது. மைனி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் மகன்தான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

கணக்கைத் தாளில் போட்டுவிடுங்கள். 15 அங்குலச் சதுரமாக வெட்டினால் நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குப் போய் 14 அங்குலம்தான் தெரியும். நாலுக்கு ஐந்து என்று அடுக்கினால் 60-க்கு 75 வராது. 56-க்கு 70 தான். இருப்பதிலேயே பெரிய அச்சை அளந்து அதற்கேற்பச் சதுரத்தை முடிவுசெய்ய வேண்டும். சின்ன வயது டி-ஷர்ட்டில் 15 அங்குலம் கிடைக்காது. அதற்காக மற்றவற்றைச் சுருக்காமல், அதைச் சுற்றி வேட்டித் துணியில் கரை கட்டிவிடலாம். பார்க்கவும் அதுதான் அழகு.

கூர் ஊசி பனியன் துணியின் கண்ணியை அறுக்கும். அன்றைக்குத் தெரியாது, நாலு துவைப்புக்குப் பிறகு தையலோரம் ஓட்டை ஓட்டையாக விழும். முனை மழுங்கிய பனியன் ஊசியில் 14-ஆம் நம்பர் வாங்குங்கள். பழைய கறுப்பு மிஷின் என்றால் பாதத்தண்டின் தலையில் இருக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தினால் அமுக்கம் குறையும்.

நடுவில் பாலியஸ்டர் பஞ்சு வைத்தால் சித்திரை வெயிலில் யார் போர்த்துவது? ஒரு பழைய வேட்டியை உள்ளே பரப்பினாலே ஆடிச் சாரலுக்குப் போதும். அடிப்பக்கத்துக்கு வீரவநல்லூர் நூல் சேலை ஒன்றில் இரண்டு மீட்டராக இரு துண்டு எடுத்து நீளவாக்கில் இணைத்தால் தாராளம். பலமுறை துவைத்த சேலை என்பதால் இனிச் சுருங்காது. மேல்துணியைவிடச் சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு, கடைசியில் நறுக்குங்கள். மூன்றையும் சதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் தடித்த நூலால் முடிச்சிடாவிட்டால் முதல் துவைப்பிலேயே உள்வேட்டி ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும்.

சிவப்பு டி-ஷர்ட்டை வெட்டும் முன்பே தனியாக அலசி, ஈரமாக இருக்கும்போதே சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துவைத்த போர்வையைக் கொடியில் தொங்கவிடாதீர்கள்; ஈரத்தின் கனம் இழுத்துக் கட்டங்கள் கோணலாகும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதன்மேல் அச்சு கீழே இருக்கும்படி விரித்துவிடுங்கள், அடியிலும் காற்று போகும்.