புதுச்சேரியில் பழைய வீட்டை இடிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் தாழ்வாரமும் திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடு ஒன்று உங்களுக்கு இருந்து, மழைக்கு ஒழுகுகிறது என்றோ, அறைகள் போதவில்லை என்றோ, உடன்பிறந்தாருடன் பாகம் பிரிக்க வேண்டும் என்றோ அதை இடித்துக் கட்ட நினைத்தால், அந்த நினைப்பைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன், வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ளதா, உள்ளதெனில் எந்தத் தரத்தில் உள்ளது என்பதைப் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள். தரகரின் வாய்ச்சொல் இதற்குப் போதாது.

அடுத்து, வீட்டை நீங்களே நிதானமாகச் சோதிக்க வேண்டும். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் தளம் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் அடைத்துக்கொண்ட நீர்ப்போக்கியும், ஓட்டு இடுக்கும், கைப்பிடிச் சுவரில் வேர்விட்ட அரசங்கன்றும்தான். கட்டை சுவருக்குள் நுழையும் முனையை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள்: நுனி மெத்தென்று உள்ளே இறங்கினால் அந்த முனை உளுத்துவிட்டது, அதை மட்டும் வெட்டி ஒட்டுக் கட்டை சேர்க்கவோ, கட்டையையே மாற்றவோ முடியும். சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தால், பிற்காலத்தில் யாரேனும் சிமெண்டு பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்டுப் பூச்சு அதை உள்ளேயே அடைத்து வைப்பதால் ஓதம் மேலே ஏறுகிறது. அந்தப் பூச்சைக் கொத்தியெடுத்து, சுவரை நன்றாக உலரவிட்டு, சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பதற்காக நகரில் நெடுங்காலமாகப் பணிபுரியும் இன்டாக் அமைப்பிடம் ஆலோசனை கேட்கலாம்.

வைசியாள் வீதியில் வரிசையாக நிற்கும் முகப்புகளைப் புதுப்பித்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அங்கே ஒருமுறை நடந்து பார்த்தால், ஒரு வீட்டின் திண்ணை போனால் தெருவுக்கே என்ன குறையும் என்பது கண்ணால் விளங்கும். இருந்தாலும், தெருவின் அழகைக் காக்கும் செலவு முழுவதையும் வீட்டுக்காரர் தலையில் சுமத்துவது நியாயமாகாது; எனவே உதவித்தொகை ஏதும் உண்டா என்பதையும் நகர அமைப்புக் குழுமத்துக்கு எழுதும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள்.

பொறியாளர் பார்த்து இடித்தே ஆக வேண்டும் என்று சொன்னாலும் முழுவதையும் இடிக்க வேண்டியிருக்காது. முகப்பையும் தாழ்வாரத்தையும் நிறுத்திக்கொண்டு, புதிய அறைகளையும் கழிப்பறையையும் மாடிப்படியையும் முற்றத்துக்குப் பின்னே அமைக்குமாறு வரைபடம் கேளுங்கள். வேலையை மழைக்காலத்துக்கு முன் முடிக்கத் திட்டமிடுங்கள். 1871-இல் எழுந்த, நகராட்சி அலுவலகமாக இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பழைய உருவிலேயே கட்டப்பட்டு 2021-இல்தான் திறக்கப்பட்டது. இடிக்கும்போது பக்கத்து வீட்டை ஒட்டிய சுவர் அதிராதபடி, இயந்திரத்தை விடாமல் மேலிருந்து கையாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். தூண், கதவு, நிலை ஒவ்வொன்றையும் படமெடுத்து, எண்ணிட்டு, நனையாத இடத்தில் தரையிலிருந்து உயர்த்தி அடுக்கி வையுங்கள்.