கொங்கு நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் ஒற்றை வருவாயை நம்பியிருப்பதிலிருந்து விடுபடும் வழி

கடந்த மூன்று ஆண்டுகளின் வரவுக் கணக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நன்கொடைக்கும் எதிரே, கொடுத்தவரின் பெயரோடு அவருக்கு எந்தத் தொழிலிலிருந்து பணம் வருகிறது என்பதையும் எழுதிப் பாருங்கள். வருவாயைப் பல வழிகளில் விரிக்க நினைக்கும் தொண்டு நிறுவனம் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். திருப்பூரில் இயங்கும் ஒரு சிறப்புப் பள்ளிக்கு ஐந்து புரவலர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஏற்றுமதியாளர், ஒருவர் சாயப்பட்டறை வைத்திருப்பவர், ஒருவர் நிட்டிங் மெஷின் ஓட்டுபவர், ஒருவர் அட்டைப்பெட்டி செய்து தருபவர், ஒருவர் லாரி புக்கிங் அலுவலகம் நடத்துபவர். பெயர்கள் ஐந்தானாலும் ஐவரும் பனியன் ஆர்டரையே நம்பியிருக்கிறார்கள். ஒரே கிணற்றில் பாயும் ஐந்து வயல்களைப் போல, கிணறு வற்றினால் ஐந்தும் ஒன்றாகக் காயும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020-இல் ஊரடங்கின்போதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோதும் அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கை இறுகியது.

எனவே எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்று எண்ணுவதைக் காட்டிலும், அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாமல் போகக்கூடுமா என்று பார்ப்பதே பயன் தரும். திருப்பூர் நிறுவனம் பொள்ளாச்சித் தென்னை விவசாயியிடமும், ஈரோட்டு மஞ்சள் வியாபாரியிடமும், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரரிடமும், ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர்களிடமும், பெங்களூரில் மாதச் சம்பளத்தில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடமும் போக வேண்டும். அவர்கள் கொடுக்கும் தொகை சிறிதாக இருக்கலாம்; பனியன் தொழில் படுத்தாலும் அது நிற்காது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

அதே கணக்கில் இன்னொரு நெடுவரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தப் பணத்தை எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாமா, குறிப்பிட்ட வேலைக்கு மட்டுமா? கணினி வாங்கிக் கொடுப்பவர் கணினி அறையின் வாடகையைக் கொடுப்பதில்லை. கழிப்பறை கட்டித் தருபவர் அதைக் கழுவும் பெண்ணின் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதில்லை. ஆண்டு வரவு 60 லட்சம் என்று அறிக்கையில் இருக்க, மாதக் கடைசியில் ஆசிரியர் சம்பளத்துக்கு டிரஸ்டி தன் கையிலிருந்து போடும் நிலை இப்படித்தான் உருவாகிறது. எதற்கு வேண்டுமானாலும் செலவிடக்கூடிய கட்டற்ற பணம் எவ்வளவு வருகிறதோ அந்த அளவுக்குத்தான் நிறுவனத்துக்கு உயிர் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. வாடகை, மின்கட்டணம், ஆடிட்டர் கட்டணம், கணக்காளர் சம்பளம், வண்டி டீசல் ஆகியவற்றை ஒரு மாதத்துக்குக் கூட்டி, அதில் எத்தனை விழுக்காடு கட்டற்ற வருவாயால் ஈடாகிறது என்று பார்த்துவிட்டு, அந்த விழுக்காட்டை ஆண்டுதோறும் உயர்த்துவதையே நிர்வாகக் குழு இலக்காக வைக்க வேண்டும்.

நாள் புரவலர்கள்

கட்டற்ற பணத்துக்கு நம் பக்கத்தில் இருக்கும் மிகச் சிறந்த ஊற்று, பிறந்தநாள், திருமணநாள், பெற்றோரின் திதி ஆகியவற்றுக்கு ஒரு நாள் உணவுக்குக் கொடுக்கும் வழக்கம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே மக்களிடம் இருக்கும் இந்த வழக்கத்தைப் பல இல்லங்கள் வருகிறவர் வரட்டும் என்று விட்டுவிடுகின்றன. அதற்கு ஒரு பதிவேடு வேண்டும். பெயர், கைப்பேசி எண், ஊர், யார் மூலம் வந்தார், முதலில் எந்த ஆண்டு கொடுத்தார், என்ன நாள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். பிறந்தநாளுக்கு ஆங்கிலத் தேதி போதும். திதிக்கு அது போதாது. ஐப்பசி தேய்பிறை தசமி ஒவ்வொரு ஆண்டும் வேறு தேதியில் வரும். ஆகவே சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் ஒருவர் உட்கார்ந்து, பதிவேட்டில் உள்ள எல்லாத் திதிகளுக்கும் அந்த ஆண்டின் தேதியைக் குறித்துவிட வேண்டும். பத்து நாள் முன்னதாகப் பேசி, "அப்பாவோட திதி வர்ற வியாழக்கிழமை வருதுங்க, போன வருசம் மாதிரியே நம்ம குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டுறலாங்களா?" என்று கேட்டால், தன் தந்தையின் நாளை இன்னொருவர் நினைவில் வைத்திருப்பதை எண்ணி மனம் நெகிழாதவர் இருக்க முடியாது.

இதில் இரண்டு கவனங்கள் தேவை. ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாள்களில் உணவு குவியும். மற்ற நாள்களில் அடுப்புக்கு ஆள் இருக்காது. நாள் நிரம்பிவிட்டால், "அன்றைக்கு உங்கள் பெயரைப் பலகையில் எழுதிவிடுகிறோம், பணத்தை அடுத்த மாதச் செலவுக்கு வைத்துக்கொள்கிறோம்" என்று வெளிப்படையாகச் சொல்லிச் சம்மதம் பெறுங்கள். அடுத்தது விலை. ஒரு நாள் உணவுக்கு இவ்வளவு என்று சொல்லும்போது அரிசி, பருப்பு, காய்கறியோடு நிறுத்தாமல், சமையல்காரர் கூலி, எரிவாயு, பாத்திரத் தேய்மானம், அந்த நாளுக்குரிய வாடகைப் பங்கு ஆகியவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூட்டிக் கேட்கிறோமே என்ற கூச்சம் வேண்டாம். அந்த உணவு உண்மையில் அவ்வளவு ஆகிறது.

ஆண்டுக்கு ஒருமுறை கொடுப்பவர்களில் சிலரை மாதந்தோறும் கொடுப்பவர்களாக மாற்ற முடியும். யு.பி.ஐ. ஆட்டோபே மூலம் 15,000 ரூபாய் வரை, முதலில் ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு மாதமும் ரகசிய எண் போடாமலே பணம் வந்துவிடும். மாதம் 500 ரூபாய் கொடுக்கும் 200 பேர் இருந்தால் மாதம் ஒரு லட்சம். அதில் பத்துப் பேர் நின்றாலும் சமாளிக்கலாம். ஒரு லட்சத்தையும் ஒருவரே கொடுத்துவந்து அவர் நின்றால் சமாளிக்க முடியாது.

வரிச்சலுகையைப் பற்றிச் சிலவற்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே பொருந்தும். புதிய வரி முறைக்கு மாறிய சம்பளக்காரருக்கு அது கிடையாது. ஆகவே வேண்டுகோளையே "வரி மிச்சம்" என்று தொடங்குவது இனிப் பலன் தராது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகப் பெற்றால் கொடுத்தவருக்குச் சலுகை போய்விடும். நன்கொடையாளர் விவரங்களை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் தாக்கல் செய்து, 10பிஇ சான்றிதழை ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். கொடுத்தவரின் அடையாளம் இல்லாத பணம், மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 விழுக்காடு வரி உண்டு. உண்டியல் வைக்கும் அமைப்புகள் இதைக் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி உள்ள பெயர்கள். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் (நடைமுறை: 2026 ஏப்ரல் 1 முதல்) பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. தாக்கல் செய்யும் முன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சி.எஸ்.ஆர்.)

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய கம்பெனி, கடந்த மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தைப் பெற உங்கள் நிறுவனம் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் பதிவு), 80ஜி பதிவுகளோடு, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவம் பதிந்து எண் பெற்றிருக்க வேண்டும். கொங்குப் பகுதியில் பல மில்களும் பவுண்டரிகளும் பம்ப் கம்பெனிகளும் கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) நிறுவனங்களாகவோ இந்த வரம்புக்குக் கீழோ இருக்கின்றன. அவர்களுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. பழக்கமும் நம்பிக்கையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் திட்ட அறிக்கையை நீட்டுவதைவிட, ஒருமுறை நேரில் வந்து பார்க்கச் சொல்வதே நல்லது.

சட்டப்படி கொடுக்கும் கம்பெனிகளிடம் பேசும்போது ஒரு தவறான புரிதல் குறுக்கே வரும். "நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டுக்கு மேல் தர முடியாது" என்பார்கள். அந்த வரம்பு, கம்பெனி தன்னுடைய சொந்த நிர்வாகச் செலவாகக் காட்டக்கூடிய தொகைக்கு விதிக்கப்பட்டது. உங்கள் களப்பணியாளரின் சம்பளமும் பயணச் செலவும் திட்டச் செலவு. இதைப் பணிவோடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல் விளக்கி, திட்ட மதிப்பீட்டிலேயே கணக்காளரின் நேரத்தையும் கட்டடத்தின் பங்கையும் தனித்தனி வரியாகக் காட்டுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் அவசரமாக வரும் பணத்தை வாங்கும் முன், அது பல ஆண்டுத் திட்டத்துக்கா, மார்ச் 31-க்குள் முடிக்க வேண்டியதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்களால் செய்ய முடியாத வேலைக்குப் பணம் வந்தால் வேண்டாம் என்று சொல்வது, அடுத்த ஆண்டு அதே கம்பெனியிடம் போவதற்கான வழியைத் திறந்து வைக்கும்.

தாமே ஈட்டும் வருவாய்

இதற்கு நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. கோவையின் சங்கரா கண் மருத்துவமனை, 80 விழுக்காடு நோயாளிகளுக்கு இலவசம், 20 விழுக்காட்டினரிடம் கட்டணம் என்ற கணக்கில் நடக்கிறது. கட்டணம் கொடுப்பவரே மற்றவரின் அறுவை சிகிச்சைக்கு வழி செய்கிறார். சிங்காநல்லூரின் சாந்தி சோஷியல் சர்வீசஸ் குறைந்த விலை உணவகத்தோடும் மருந்தகத்தோடும் பெட்ரோல் பங்க்கையும் நடத்துகிறது. 1926-இல் தோன்றிய பி.எஸ்.ஜி. அறக்கட்டளை கல்வி நிலையங்களோடு தொழிற்கூடத்தையும் சேர்த்தே வளர்த்தது. இவை எல்லாவற்றிலும், நிறுவனத்துக்குக் கைவந்த வேலையோ, நடத்தியவர்களுக்கு முன்பே தெரிந்த தொழிலோதான் வருவாயைத் தந்திருக்கிறது. தெரியாத தொழிலில் இறங்கும் தொண்டு நிறுவனம் நன்கொடையைக் கொண்டுபோய் நட்டத்தில் போடும்.

துணிப்பையைப் பாருங்கள். 2019-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடையும், 2021 இறுதியில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் வந்த பிறகு, மகளிருக்கோ மாற்றுத்திறனாளிகளுக்கோ தையல் கற்றுக்கொடுக்கும் அமைப்புகளுக்கு முதலில் தோன்றுவது இதுதான். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: துணி 14 ரூபாய், நூலும் பிரிண்டிங்கும் 4, பீஸ் ரேட் கூலி 8, ஆக 26. விற்பது 35 ரூபாய்க்கு. பைக்கு 9 ரூபாய் லாபம் என்று ஆண்டு விழாவில் சொல்வார்கள். ஆனால் வாடகை, கரண்ட், மெஷின் ரிப்பேர் 3 ரூபாய், துணிக் கழிவு ஒன்றரை, டெலிவரி ஒன்றரை, மாதம் 12,000 ரூபாய் வாங்கும் பொறுப்பாளரின் சம்பளம் மாதம் 3,000 பைகளுக்குப் பிரித்தால் 4. மொத்தம் 36. ஒவ்வொரு பைக்கும் ஒரு ரூபாய் கையைக் கடிக்கிறது. மாதம் 6,000 பை ஓடினால் பொறுப்பாளர் சம்பளம் பைக்கு 2 ரூபாயாகி, ஒரு ரூபாய் மிஞ்சும். பயிற்சியும் கூலியும்தான் நோக்கம் என்றால் அந்த நட்டத்தைத் தயங்காமல் ஏற்கலாம். அப்போது அதைத் திட்டச் செலவு என்று எழுதி அதற்கும் நன்கொடை கேளுங்கள். வருவாய் வழி என்று எழுதாதீர்கள்.

தொழில் நடத்தினால் அதற்குத் தனிக் கணக்குப் புத்தகம் கட்டாயம். ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல் போன்ற தலைப்புகளில் சேராமல் "பொதுநலப் பணி" என்ற பொதுத் தலைப்பில் வரும் அமைப்புக்கு, வணிகத்தன்மை உள்ள வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஆண்டின் வரிவிலக்கே போய்விடும். பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தையும், சேவை 20 லட்சத்தையும் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வந்துவிடும்.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பணம் புது டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பெற்றதை வேறு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. கணக்காளர் ஒருவரை முழுநேரமாக வைக்க முடியாத சிறு அமைப்புக்கு இந்த வழி வேண்டாம் என்பேன்.

கையிருப்பு

"டிரஸ்டில் பணம் மிஞ்சக் கூடாது" என்ற அச்சம் பல நிர்வாகக் குழுக்களில் இருக்கிறது. ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்பதே சட்டம்; மீதி 15 விழுக்காட்டை நிபந்தனையின்றி வைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட நோக்கத்தை அறிவித்து, ஐந்து ஆண்டுகள் வரை அதற்கு மேலும் சேர்க்க வழி உண்டு. நன்கொடையாளர் எழுத்து மூலம் மூலதன நிதிக்கு என்று கொடுத்தால் அது இந்த 85 விழுக்காட்டுக் கணக்கில் சேராது. ஆண்டுதோறும் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஆறு மாதச் சம்பளமும் வாடகையும் சேரும் வரை அதைத் தொடாமல் வையுங்கள். எடுக்க வேண்டுமானால் குழுவில் எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும், எத்தனை மாதத்தில் திருப்பி வைக்க வேண்டும் என்பதை இன்றே தீர்மானமாக எழுதுங்கள். நெருக்கடி வந்த பிறகு எழுதினால் அது வளைந்துதான் இருக்கும்.

அந்தப் பணத்தை எங்கே வைப்பது என்பதில்தான் நம் பக்கத்தில் ஆபத்து அதிகம். வங்கி கொடுக்கும் வட்டியைவிடத் தெரிந்தவரின் ஃபைனான்ஸ் இரு மடங்கு கொடுக்கிறது என்றும், டிரஸ்டியின் கம்பெனியிலேயே போட்டு வைத்தால் பத்திரம் என்றும் நல்லெண்ணத்தோடே சொல்வார்கள். அறக்கட்டளைப் பணத்தை வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரங்கள் போன்று சட்டம் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே போடலாம். வேறு இடத்தில் போட்டால் அந்தத் தொகைக்கு வரிவிலக்குப் பறிபோகும். டிரஸ்டியின் தொழிலுக்குக் கொடுத்தால் அவர் வட்டி சரியாகக் கட்டினாலும் கேள்வி வரும். வைப்பு ரசீதுகள் நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றனவா, முதிர்வுத் தேதிகள் ஒரே மாதத்தில் குவியாமல் பிரிந்திருக்கின்றனவா என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொருளாளர் குழுவின் முன் வைத்துக் காட்ட வேண்டும்.