பிரேக் உதறினால் காலை எடுக்காதீர்கள்: ஏபிஎஸ், ஈஎஸ்பி உள்ள வண்டியில் நாம் செய்யும் தவறுகள்

தை மாதக் கடைசியில் வலங்கைமான் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது என் மச்சான்தான் கார் ஓட்டினார். ரோட்டின் இடது பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள், அதைத் தாண்டி வைக்கோல் சிதறிக் கிடந்தது. வயலிலிருந்து ஒரு டிராக்டர் திடீரென்று ரோட்டில் ஏற, மச்சான் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறியது, முன்பக்கம் கர்ர் என்று ஒரு சத்தம். பிரேக்கில் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துச் சட்டென்று காலை எடுத்துவிட்டார். வண்டி அப்படியே ஓட, மறுபடி மிதித்து, மைல்கல்லுக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றோம். கல்லுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால்.

20 வருடமாக வண்டி ஓட்டுகிறவர் அவர். அன்றைக்கு எதுவும் உடையவில்லை. ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்றுபோவதை, அதாவது லாக் ஆவதைத் தடுக்கிற ஏபிஎஸ் தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான். அது வேலை செய்தால் காலுக்கு எப்படித் தெரியும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் சாவியைக் கையில் கொடுக்கும்போது மியூசிக் சிஸ்டத்தை விளக்குகிற அளவுக்கு இதை யாரும் விளக்குவதில்லை.

ஒவ்வொரு சக்கரத்திலும் சுழலும் வேகத்தை அளக்கிற ஒரு சென்சார் இருக்கிறது. ஓங்கி மிதிக்கும்போது ஏதாவது ஒரு சக்கரம் லாக் ஆகப்போகிறது என்று தெரிந்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தை மட்டும் விட்டு, திரும்பப் பிடித்து, மறுபடி விட்டு, நொடிக்குப் பல தடவை இதையே செய்கிறது. காலுக்குத் தெரிகிற உதறல் அதுதான். சக்கரம் லாக் ஆகிவிட்டால் ஸ்டீரிங்கை எப்படித் திருப்பினாலும் வண்டி போன போக்கில்தான் வழுக்கிக்கொண்டு போகும். உருண்டுகொண்டே இருந்தால்தான் திரும்பும். அதனால் உதறினால் இன்னும் அழுத்தமாக மிதியுங்கள், வண்டி நிற்கும்வரை காலை எடுக்காதீர்கள், இடைஞ்சலைச் சுற்றி ஸ்டீரிங்கைத் திருப்புங்கள்.

அம்பாசிடர் காலத்து ஆட்கள் செய்கிற தவறு இன்னொன்று, விட்டு விட்டு மிதிப்பது. அந்த வண்டிகளுக்கு அது சரியான பழக்கம்தான், ஏபிஎஸ் வண்டியில் அதுவே கெடுதல். நாம் காலை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போகிறது. பிரேக் அசிஸ்ட் இருக்கிற வண்டியில் நஷ்டம் இன்னும் அதிகம். அவசரத்தில் பெரும்பாலானவர்கள் வேகமாக மிதிப்பார்கள், ஆனால் போதுமான அழுத்தம் கொடுக்க மாட்டார்கள். பெடல் இறங்குகிற வேகத்தைப் பார்த்தே இது அவசரம் என்று புரிந்துகொண்டு, மீதி அழுத்தத்தை அந்த அமைப்பு தானே கொடுக்கிறது. காலை எடுத்தால் அதுவும் விட்டுவிடும்.

சரி, ஏபிஎஸ் இருந்தால் வண்டி சீக்கிரம் நின்றுவிடும் என்று நம்புவதுதான் எனக்கு மிகவும் பயமான தவறு. டயருக்கும் ரோட்டுக்கும் இடையே எவ்வளவு பிடிப்பு இருக்கிறதோ, அதைப் பங்கு போட்டுத்தான் இந்தக் கருவிகள் தரும். இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தராது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம், கால் பிரேக்குக்குப் போவதற்குள் அது போய்விடும். அதன்பிறகு நல்ல டயரோடு காய்ந்த தார் ரோட்டில் நிற்கவே சுமார் 35 மீட்டர் வேண்டும், ஐப்பசி மழையில் 50-ஐத் தாண்டும். நெல் பரப்பியிருக்கும் இடத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, நெல்மணி டயருக்கு அடியில் பேரிங் குண்டு மாதிரி உருளும். கொட்டிக்கிடக்கிற ஜல்லியிலும் மணலிலும் ஏபிஎஸ் இல்லாத வண்டியைவிட இருக்கிற வண்டி நிற்க அதிக தூரம்கூட எடுக்கலாம், ஏனென்றால் லாக் ஆன சக்கரம் முன்னால் மணலைக் குவித்து அதிலேயே முட்டி நிற்கும், உருளுகிற சக்கரம் ஏறிப் போய்விடும்.

நம் ஊரில் ரோட்டின் ஒரு பாதியில்தான் நெல் இருக்கும் என்பதையும் யோசியுங்கள். இடது சக்கரங்கள் நெல்லின் மேல், வலது சக்கரங்கள் தாரின் மேல். இந்த நிலையில் ஓங்கி மிதித்தால் பிடிப்பு இருக்கும் வலது பக்கமாக, அதாவது எதிரே பஸ் வருகிற பக்கமாக வண்டி இழுக்கும். ஏபிஎஸ்ஸும், வண்டி தடம் மாறி வழுக்காமல் பார்த்துக்கொள்கிற ஈஎஸ்பியும் அந்த இழுப்பைக் குறைக்கும், முழுக்க எடுக்காது. இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருந்து, மெல்ல இடது பக்கம் திருத்திப் பிடிக்க வேண்டும். ஒரு கையில் போன் இருந்தால் இது நடக்காது. நெல்லைத் தூரத்தில் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்து, நான்கு சக்கரமும் தாரிலேயே இருக்கும்போது பிரேக்கை முடித்துவிடுவது நல்லது. (வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், சூடான சைலன்சர் பட்டால் தீப்பிடிக்கும்.)

ஈஎஸ்பி வேறு வேலை செய்கிறது. பாஷ் நிறுவனம் கார்களுக்கு ஏபிஎஸ்ஸைக் கொண்டுவந்தது 1978-ல், ஈஎஸ்பியை 1995-ல். ஸ்டீரிங்கை நீங்கள் எவ்வளவு திருப்பியிருக்கிறீர்கள், வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது, இந்த இரண்டையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கல்லணை ரோடு மாதிரி ஆற்றங்கரையை ஒட்டிப் போகிற ரோட்டில், மழைத் தண்ணீரில் ஒரு இடது வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி திரும்பாமல் நேரே போனால் இடது பின்சக்கரத்தில் பிரேக் போட்டு மூக்கை உள்ளே இழுக்கும். பின்பக்கம் சுழன்று வந்தால் வலது முன்சக்கரத்தில் பிரேக் போட்டு நிமிர்த்தும், கூடவே இன்ஜின் இழுவையையும் குறைக்கும்.

இங்கே நாம் செய்கிற தவறு, பயந்து ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்றுவது. உங்கள் விருப்பத்தை அது தெரிந்துகொள்வது ஸ்டீரிங்கை வைத்துத்தான். கரைக்கு வெளியே திருப்பிப் பிடித்தால் வெளியே போகத்தான் ஆசைப்படுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து, அந்தப் பக்கமே திருப்பிப் பிடியுங்கள்.

வழுக்குகிற வண்டிப் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஓட்டும்போது மினுக்கினால் ஈஎஸ்பி வேலை செய்கிறது, வேகம் அதிகம் என்று அர்த்தம். அணையாமல் எரிந்தால் கோளாறு, அல்லது யாரோ சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். அறுவடை மிஷின் போன வழியில் சேற்றில் மாட்டினால் சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் வெளியே வரும், அப்போது அணைக்கலாம். தார் ஏறியதும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்தால், சாதா பிரேக் இருக்கும், ஏபிஎஸ் இருக்காது. நம் பக்கம் இதற்குப் பெரிய காரணம் எலி. வயல் ஓரம் நிறுத்திய வண்டியில் சென்சார் ஒயரைக் கடித்துவிடும். எனக்கும் அப்படி ஆனது. கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் ஒயரை மாற்றாமல், விளக்கு எரியாதபடி செய்து கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் ஏபிஎஸ் இல்லாமலே குடும்பத்தோடு கும்பகோணம் போய்வந்திருக்கிறேன் என்று பிறகு தெரிந்தபோது வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதனால் சாவியைப் போட்டதும் அந்த விளக்கு ஒரு தடவை எரிந்து, சில நொடியில் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். பழைய கார் வாங்கும்போது இதை முதலில் பாருங்கள். சிவப்பு பிரேக் விளக்கு மட்டும் வேறு விஷயம். ஹேண்ட்பிரேக்கை விட்ட பிறகும் எரிந்தால் வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிடுங்கள்.

டயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நான்கும் கம்பெனி சொன்ன அளவில் இருக்க வேண்டும், அளவு மாறினால் சென்சார் கணக்கு குழம்பும். டயர் மேல் இருக்கிற வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் சட்டப்படியே மாற்ற வேண்டும், நான் 3-க்கு வந்ததும் மாற்றிவிடுகிறேன், இங்கே மழை அப்படி. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். அலைன்மென்ட் பார்த்த பிறகு ஈஎஸ்பி விளக்கு எரிந்தால் ஸ்டீரிங் சென்சாரை சரிசெய்யாமல் விட்டிருப்பார்கள், திரும்பப் போய்க் கேளுங்கள்.

அப்புறம் மச்சானை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இன்னும் வீடு வராத ஒரு மனைப்பிரிவுக்குக் கூட்டிப்போனேன். கப்பி ரோடு, ஆள் இல்லை, பின்னால் வண்டி இல்லை. 30 கிலோமீட்டரில் போய் ஓங்கி மிதிக்கச் சொன்னேன். முதல் தடவை கால் தானாக மேலே வந்துவிட்டது, இரண்டாவது தடவையும். நான்காவது தடவைதான் உதற உதற அழுத்திப் பிடித்து, நடுவில் வைத்திருந்த காலி சாக்கைச் சுற்றித் திருப்பி நிறுத்தினார்.