ஸ்கேன் பதிவில் இருப்பிடம் வராதபோது ஜிபிஎஸ் ரிசீவரைச் சோதிப்பது எப்படி?

கிஸ்மெட் போன்ற வைஃபை ஸ்கேனர் நெட்வொர்க்குகளை வரிசையாகக் காட்டிக்கொண்டிருக்க, இருப்பிடம் மட்டும் காலியாகவே நின்றால், பலரும் முதலில் ஸ்கேனரின் அமைப்புகளைத்தான் குடைவார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். ஆகவே ரிசீவர், அது கணினியோடு பேசும் சீரியல் போர்ட், ரிசீவரின் தகவலை மற்ற நிரல்களுக்குப் பகிரும் ஜிபிஎஸ்டி (gpsd) என்ற பின்னணி நிரல், ஸ்கேனர் என்ற வரிசையிலேயே சோதிப்பது நல்லது.

யுஎஸ்பி ரிசீவரைச் செருகியதும், லினக்ஸ் கெர்னல் பதிவில் அதற்கு ஒரு சீரியல் போர்ட் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போர்ட் இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், டெபியன், உபுண்டு ஆகியவற்றில் உங்கள் கணக்கை, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி தரும் டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும்.

அடுத்து, ஜிபிஎஸ்டியை நிறுத்திவிட்டு, ரிசீவர் அனுப்பும் மூல வரிகளை டெர்மினலில் நேரடியாகப் படியுங்கள். இந்த ஒரு படியைத் தாண்டிச் செல்பவர்கள்தான் மணிக்கணக்கில் அலைகிறார்கள். டாலர் குறியுடன் தொடங்கி, காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட என்எம்இஏ (NMEA, ஜிபிஎஸ் ரிசீவர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் உரை வடிவம்) வரிகள் தொடர்ந்து ஓட வேண்டும். புரியாத குப்பை எழுத்துகள் வந்தால் பாட் வேகம் (சீரியல் போர்ட்டின் தகவல் வேகம்) பொருந்தவில்லை என்று பொருள். 4800, 9600 இரண்டையும் வைத்துப் பாருங்கள். வரிகள் தெளிவாக வந்தால், தொடக்கத்தில் RMC என்று வரும் ஆர்எம்சி வரியில் நேரத்தை அடுத்து நிற்கும் ஒற்றை எழுத்தைக் கவனியுங்கள். ‘ஏ’ (A) என்றால் இருப்பிடம் கிடைத்துவிட்டது. ‘வி’ (V) என்றால் ரிசீவர் பேசுகிறது, ஆனால் இடத்தை இன்னும் கணிக்கவில்லை.

‘வி’ நீடித்தால், ரிசீவரை வானம் தெரியும் இடத்துக்குக் கொண்டுபோய் அசையாமல் வையுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. நடுவில் சிக்னல் அறுந்தால் விடுபட்ட பகுதி அடுத்த சுற்றில் வரும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான பாதை விவரம் அடங்கிய அல்மனாக் முழுமையாக வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். உயரத்தையும் சேர்த்துக் கணிக்க நான்கு செயற்கைக்கோள்களாவது தேவை. யுஎஸ்பி 3.0 இணைப்புகள் எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கக்கூடியது என்பதால், ரிசீவர், வைஃபை அடாப்டர் இரண்டையும் நீட்டிப்பு கேபிளில் தள்ளி வைப்பது என் வழக்கம்.

‘ஏ’ வந்தபின் ஜிபிஎஸ்டியைத் தொடங்கி, ஜிபிஎஸ்டி தரும் தகவலை டெர்மினலில் காட்டும் சிஜிபிஎஸ் (cgps) கருவியில் அதே இருப்பிடம் தெரிகிறதா என்று பாருங்கள். அதிலும் சரியாக இருந்தால்தான் ஸ்கேனரின் அமைப்புக் கோப்புக்கு வர வேண்டும். அங்கே ஜிபிஎஸ்டியின் போர்ட் எண் 2947 என்று இருக்கட்டும். ஒரே ரிசீவரை ஜிபிஎஸ்டியிடமும் ஸ்கேனரிடமும் நேரடியாகக் கொடுத்தால், இரண்டும் வரிகளைப் பங்குபோட்டுக்கொண்டு எதற்கும் முழுமையாகக் கிடைக்காமல் போகும்.

மூல வரிகளை நீங்களே வரைபடத்தில் ஏற்றுவதானால் ஒரு எச்சரிக்கை: 2030.600 என்ற அட்சரேகை 20 பாகை (டிகிரி) 30.6 கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு), அதாவது 20.51 பாகை, அதை 20.306 என்று படித்தால் புள்ளி 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி விழும். இடம் சரியாக இருந்து, தேதி மட்டும் ஏறக்குறைய 20 ஆண்டு பின்தங்கியிருந்தால், 1024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும் வார எண்ணை அந்தப் பழைய ரிசீவர் சமாளிக்கவில்லை என்று அறியலாம். கடைசியாக 2019 ஏப்ரலில் அது திரும்பியது. அத்தகைய ரிசீவரிலிருந்து இருப்பிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நேரத்தைக் கணினியின் கடிகாரத்திலிருந்து பதிவு செய்யுங்கள்.