மாசாய் மாராவுக்குப் புறப்படும் நம்மூராருக்கு

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குச் சரணாலயத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது டிக்கெட் விலையை. நான் முதலில் சொல்வது ஊசியை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் சிக்கல். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட வேண்டும். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுகிறார்கள். மட்டக்களப்பில் இரவு ரயிலேறினால், அந்த வேலையையும் மலேரியா தடுப்பு இயக்கத்தில் மாத்திரை வாங்குவதையும் ஒரே நடையில் முடித்துவிடலாம். மாத்திரை இலவசம். 2016இல் நம் நாடு மலேரியா அற்ற நாடு என்று சான்று பெற்றுவிட்டதே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், அங்கே இருக்கிறது. நுழைவனுமதியை இணையத்திலேயே எடுக்கலாம்.

நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் சின்ன விமானங்களில் 15 கிலோதான் விடுவார்கள், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையில். பிளாஸ்டிக் ஷொப்பிங் பை வேண்டவே வேண்டாம், 2017 முதல் கென்யாவில் தடை. சுவெட்டர் கட்டாயம். மாரா 1500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் திறந்த ஜீப்பில், கல்லடி வெக்கைக்குப் பழகிய உடம்பு நடுங்கிவிடும்.

கையில் காசிருந்தால் கமராவுக்கு முன் நல்ல பைனகுலர் வாங்குங்கள். 8×42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மில்லிமீற்றர் அகலம். வாங்கியதோடு விடாமல் பழகவும் வேண்டும். நான் மாலையில் வாவிக்கரைக்குத்தான் போவேன். நீர்க்காகத்தை வெறுங்கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமலே பைனகுலரைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். குனிந்து தேடினால் பறவை போய்விடும். சரி, கை பழகியபின் அம்பாறைப் பக்கம் இங்கினியாகலையில் படகேறுங்கள். அங்குள்ள சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்தும். இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேசாமல் காத்திருக்க அங்கே பழகிக்கொள்ளலாம்.

அந்தப் பொறுமை மாரா ஆற்றங்கரையில் வேண்டும். ஜூலை முதல் ஒக்டோபர் வரை வில்டபீஸ்ட் என்னும் மாடு போன்ற பெரிய மான்களின் மந்தைகள் ஆற்றைக் கடக்கும் காலம். கரையில் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். முன்னால் நிற்பது தண்ணீரை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கும், பின்னால் நிற்பவை நெருக்கும், புழுதி எழும். திடீரென்று எல்லாம் மேயத் திரும்பிவிடும். மணிக்கணக்கில் இதே கதைதான். ஒன்று குதித்தால் போதும், மிச்சமெல்லாம் அதன் பின்னால் பாயும். அந்த நேரம் சாரதியை “கிட்டப் போங்க” என்று நெருக்காதீர்கள். அவை ஏறும் இடத்தை வாகனம் மறித்தால் செங்குத்தான கரையில் ஏறப் பார்த்து விழுந்து கால் முறியும். ஒரு படத்துக்காக அப்படிச் செய்வது பெரிய பாவம்.

ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டாருக்கு நுழைவுக் கட்டணம் நாளொன்றுக்கு 200 டொலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100. ஆறு கடப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றில்லாவிட்டால் பெப்ரவரியில் போங்கள். சிங்கமும் சிவிங்கிப்புலியும் வருடம் முழுக்க அங்கேதான். மிஞ்சும் காசுக்கு அதே முகாமில் இன்னும் இரண்டு இரவு தங்கலாம். நான்கு நாளில் மூன்று சரணாலயம் என்று முகவர் பக்கேஜ் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.