கணினிப் படிப்போடு உளவியலும்

பி.இ. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டில்தான் எனக்கு உளவியல் பைத்தியம் பிடித்தது. அதற்காகப் படிப்பை மாற்ற வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிக்க 2022-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வழிவிட்டது. ஒன்றை நேரிலும் மற்றதைத் தொலைநிலையிலும் படிக்கலாம். பட்டம் முடித்தவர்களுக்கு இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. உளவியல் இருந்தது, எந்தப் பட்டமானாலும் சேரலாம்; ஆனால் தொலைநிலையில் உளவியலுக்கான புதிய சேர்க்கையை 2025-இல் யுஜிசி நிறுத்திவிட்டது.

சரி, இரண்டையும் எங்கே கோப்பது? ஸ்ட்ரூப் சோதனையில் தொடங்குங்கள். 1935-இல் வந்தது, இன்றும் அலுக்காதது. ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை எழுத்தில் காட்டி, எழுத்தின் நிறத்துக்குரிய விசையை அழுத்தச் சொல்லுங்கள். விரல் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை மில்லிசெகண்டில் அளப்பதுதான் உங்கள் நிரலின் வேலை.

நான் அவசரத்தில் பைத்தான் நிரல்மொழியில் நிரலைச் சற்று நிறுத்திவைக்கும் சாதாரண ஸ்லீப் கட்டளையை நேர அளவுக்கு நம்பி, விடுதி நண்பர்கள் இருபது பேரின் தரவைக் குப்பையில் போட்டேன். 60 ஹெர்ட்ஸ் திரை சுமார் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். சொல் திரையில் விழுந்த கணத்திலிருந்து கடிகாரம் ஓட வேண்டும். சைக்கோபை மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது, இலவசம்.

புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு சராசரிகளின் வேறுபாட்டைச் சோதிக்கும் டி-டெஸ்ட் பிடிபட எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது. அப்புறம், யாரைச் சோதித்தாலும் முதலில் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், அறைத்தோழனே ஆனாலும்.