மீடியன் கணக்குல நம்மாளுங்க வழக்கமா பண்ற தப்புங்க

மீடியன்னா நடுவுல இருக்கறது, அவ்வளவுதான்னு சொல்லிட்டுப் போயிர்றாங்க, ஆனா எதுக்கு நடுவுலன்னு கேட்டா பாதிப்பேரு முழிக்கறாங்க. தப்பு பூராவும் அங்கதானுங்க ஆரம்பிக்குது. சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் வரிசையா நிக்க வெச்சு, அந்த வரிசைல நடு ஆளு யாருன்னு பாக்கறதுதான் மீடியன், ஸ்கூல் புக்குல இடைநிலை அளவுன்னு போட்டிருக்கறதும் இதேதான்.

ஈரோடு மஞ்சள் ஏலத்துல விரலி மஞ்சள் ஏழு லாட் (ஒவ்வொண்ணும் தனித்தனியா ஏலம் போற சரக்கு) போச்சுன்னு வெச்சுக்கலாம், ரேட்டு நானா போட்டதுங்க, மார்க்கெட் நெலவரம்னு நெனச்சுக்காதீங்க. குவிண்டாலுக்கு 12,400, 13,100, 11,900, 14,800, 12,700, 13,100, 12,200. எழுதுன வரிசைலயே நாலாவதத் தொட்டா 14,800 வருது, அதாவது அன்னிக்குப் போனதுலயே உச்ச ரேட்டு, அதப் போயி நடுன்னு எழுதி வெச்சா எப்படி இருக்கும்! அடுக்குனா 11,900, 12,200, 12,400, 12,700, 13,100, 13,100, 14,800. மீடியன் 12,700.

13,100 ரெண்டு தடவ வருதேன்னு ஒண்ண அடிச்சுர்றது இன்னொரு பழக்கம். அடிக்கக் கூடாதுங்க, அது ரெண்டும் வேற வேற வெவசாயியோட மஞ்சள், ஒருத்தரத் தூக்கிட்டா ஆறு லாட்டுதான் மிஞ்சும், மீடியன் 12,550-னு கீழ எறங்கிரும். அப்பறம் கீழ் ரேட்டையும் மேல் ரேட்டையும் கூட்டி ரெண்டால வகுத்து 13,350-னு சொல்றவங்களும் இருக்காங்க, அது மீடியனே இல்ல, நடுவுல இருக்கற அஞ்சு லாட்ட அவங்க திரும்பிக்கூடப் பாக்கல.

எட்டாவதா 13,300-க்கு ஒரு லாட் சேந்தா எண்ணிக்கை ரெட்டப்படை ஆயிருது. அப்ப நாலாவதையும் அஞ்சாவதையும், 12,700-ம் 13,100-ம், கூட்டி ரெண்டால வகுத்தா 12,900. அந்த ரேட்டுக்கு ஒரு லாட்டும் போகலியேன்னு பயப்பட வேண்டியதில்ல, அப்படித்தான் வரும். (n+1)/2-ன்னு (n-ங்கறது மொத்த எண்ணிக்கை) போட்டு வர்ற நம்பர் எத்தனாவது எடம்ங்கறது மட்டுந்தான், ஏழு லாட்டுக்கு நாலுன்னு வந்தா மீடியன் 4-னு எழுதிட்டு வர்ற பசங்கள என்ன சொல்றது.

பரீட்சைல அதிகமா மார்க் போறது ஃப்ரீக்வன்சி டேபிள்லதான், அதாவது எந்த அளவு எத்தன தடவ வருதுன்னு போட்ட பட்டியல்ல. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில ஷிப்ட் கூலி இப்படி இருக்குன்னு வெச்சுக்கங்க: 500 வாங்கறவங்க 3 பேரு, 600 வாங்கறவங்க 4, 700-க்கு 5, 800-க்கு 6, 900-க்கு 13. அஞ்சு வரில நடு வரி 700-ன்னு டக்குனு எழுதிர்றாங்க. நடுவுல நிக்கற வரி நமக்கு எதுக்குங்க, நடுவுல நிக்கற ஆளுதான வேணும்? மொத்தம் 31 பேரு, 16-வது ஆளு யாரு? கூட்டிக்கிட்டே வாங்க, 3, 7, 12, 18. பதினாறாவது ஆளு 800 வாங்கறவர். கைமடி, செக்கிங், டெய்லர்னு என்ன வேல பாக்கறவரா இருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு எடம். 0-10, 10-20-ன்னு பிரிவு போட்ட டேபிள்லயும் இதேதான், அதுக்கு ஸ்கூல் புக்குல இருக்கற ஃபார்முலால m-ங்கறது மீடியன் விழற பிரிவுக்கு முந்தின வரி வரைக்கும் கூட்டுன எண்ணிக்கை, அந்தப் பிரிவையும் சேத்துக் கூட்டிட்டா போச்சு. 1-10, 11-20-ன்னு குடுத்திருந்தா மொதல்ல 0.5-10.5, 10.5-20.5-ன்னு மாத்திக்கணும்.

ரெண்டு யூனிட்டோட மீடியன வெச்சு மொத்தக் கம்பெனிக்கும் மீடியன் கண்டுபுடிக்கறது சுத்த வேஸ்ட். ஒண்ணுல கூலி 500, 600, 650, இன்னொண்ணுல 850, 880, 900, 920, 950. மீடியன் 600-ம் 900-ம், அப்ப மொத்தத்துக்கு 750-ன்னு சொல்லிரலாமா? எட்டுப் பேரையும் ஒண்ணா நிக்க வெச்சுப் பாருங்க, 865 வருது. ரெண்டு மீடியன மட்டும் குடுத்தா யாராலயும் கண்டுபுடிக்க முடியாதுங்க, மூலக் கணக்கு கைல இருக்கணும்.

எக்செல்ல போடறவங்களுக்கு ஒண்ணு. காலியா இருக்கற கட்டத்த அது விட்டுரும், ஆனா 0-ன்னு அடிச்சிருந்தா ஒரு ஆளாக் கணக்குல சேத்துக்கும், லீவு போட்டவங்களுக்கெல்லாம் 0 போட்டு வெச்சா மீடியன் கீழ வந்துரும். நம்பர் டெக்ஸ்ட்டா பதிஞ்சிருந்தா சத்தமில்லாம தள்ளிட்டுப் போயிரும், திட்டவும் திட்டாது.

இதையெல்லாம் படிச்சுட்டு இனி எல்லாத்துக்கும் மீடியன்தான்னு கெளம்பிராதீங்க. மஞ்சள்ல அந்த 14,800, 24,800-ன்னு போயிருந்தாலும் மீடியன் அதே 12,700-லதான் நிக்கும், சராசரி மட்டும் 12,886-ல இருந்து 14,314-க்குத் தாவிரும், ஏழுல ஆறு லாட் அந்த சராசரிக்குக் கீழதான் இருக்கும். பொதுவா என்ன ரேட்டு போச்சுன்னு கேக்கறவங்களுக்கு மீடியன்தான் சரி. ஆனா அந்த 31 பேரு பனியன் கம்பெனில சனிக்கெழம சம்பளம் போடற மொதலாளிக்கு மீடியன் ஒதவாது, 800-அ 31-ஆல பெருக்கி 24,800 எடுத்துட்டுப் போனா ஒரு ஷிப்டுக்கே காசு பத்துமான்னு பாருங்க: 1,500, 2,400, 3,500, 4,800, 11,700, கூட்டுனா 23,900. 900 ரூவா மிச்சம் வந்துச்சேன்னு சந்தோசப்படலாம், ஆளு வேற மாதிரி இருந்திருந்தா கொறஞ்சும் போயிருக்கும். மொத்தப் பணம் வேணும்னா சராசரிகிட்டதானுங்க போகணும்.